போர் நடக்காத ஊர்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் தேவலை. புழுதி ஒத்துக்கொள்ளாமல் அகழாய்வுக் குழியை விட்டு வந்தவன், இப்போது கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறேன்.

நீ தோண்டிய எரிந்த ஊரின் பொருள்களை வீடுவாரியாக அதில் ஏற்றினேன். ஒன்று இடிக்கிறது. குப்பைக் குழிகளில் சின்னச் சட்டிகளும் மண் பொம்மைகளும் உடைந்து கொட்டிக் கிடக்கின்றன. எரிந்த வீடுகளிலோ தூக்க முடியாத பெரிய பானைகள் மட்டும்தான். தற்செயலா என்று பார்க்க, எந்தப் பொருள் எங்கே என்பதைக் கம்ப்யூட்டரிலேயே ஆயிரக்கணக்கான தடவை கலைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒருமுறைகூட இப்படி அமையவில்லை. எதிரி கொளுத்தினான் என்கிறாய். உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் பொம்மையையும் கட்டிக்கொண்டா ஓடுவான்?

உன் தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

நாற்காலியில் உட்கார்ந்தபடியே என் ஊரைக் காலி பண்ணப் பார்க்கிறாய். சாம்பலில் மண்டி போட்டவள் நான். வந்தவர்கள் கொள்ளையடித்திருப்பார்கள், அவ்வளவுதான். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. தலைப்பே போரைப் பற்றியதுதான். இந்த நேரத்தில் ஆப்பு வைக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

கோபத்திலும் சாப்பிடச் சொல்ல உன்னால்தான் முடியும்.

கொள்ளைக்காரன் செம்பை எடுப்பான். விரிசல் விட்ட மண்சட்டியை எடுப்பானா? ஆனால் நீ குறித்து வைக்காதது என் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அந்தப் பெரிய பானைகளுக்குள் என்ன இருந்தது? தானியம் இருந்திருந்தால் கருகியாவது கிடைக்குமே. எங்கள் பேராசிரியர் இதைக் கட்டுரையாகப் போடச் சொல்லி நச்சரிக்கிறார். உன் பதில் வராமல் போடமாட்டேன்.

தம்பி

மே 11

அன்புக் குட்டிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம்தான் காரணம். அப்புறம், தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போல ஆகிவிட்டது. பானைகளுக்குள்ளிருந்து எடுத்த மண், கிடங்கில் மூட்டையாகவே இருந்தது. தண்ணீரில் கரைத்துச் சலித்தேன். கருகிய தானியம் இருந்தால் மிதந்து மேலே வரும். அடுப்படி மண்ணில் வந்தது. பானை மண்ணில் ஒரு மணிகூட இல்லை. கொள்ளையடித்தவன் அள்ளியிருந்தால் நாலு மணியாவது தங்கியிருக்கும். ஊர்க்காரர்களே துடைத்து எடுத்துக்கொண்டு நிதானமாகப் போயிருக்கிறார்கள். தீ அப்புறம்தான்.

அச்சகத்துக்குப் போன் பண்ணி நிறுத்தச் சொன்னேன். "என்னம்மா, போர் முடிஞ்சுபோச்சா?" என்றார் அச்சகக்காரர்.

"நடக்கவே இல்லைங்க" என்றேன்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வேறு யோசனை. சண்டை இல்லாமல் ஒரு ஊரே ஏன் கிளம்பும்? தீயை வைத்தது யார், அவர்களேவா? இந்த ஜனங்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்தால், சிரிக்காதே, சந்தோஷமாக இருக்கிறது.

கட்டுரையை இரண்டு பேர் பெயரிலும் போடு. பக்கத்து மேட்டைத் தோண்ட அனுமதி கேட்டிருக்கிறேன். முதல் குழியை எங்கே போடலாம்? நீ சொல்.

அக்கா