கணக்கில் மட்டும் தோற்றவர்கள்

என் செல்ல அக்கா,

அங்கேயும் உன் சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறதா? நீ கண்ணை மூடி ஒரு வருஷமாகிறது. இன்று உன்னிடம் சொல்ல ஒரு நல்ல சேதி இருக்கிறது. ஆனால் அந்தக் கோடையைப் பற்றிப் பேசாமல் அதைச் சொல்ல முடியவில்லை.

நீ ஒரு வகுப்பில் தங்கிவிட்டதால் நாம் இருவரும் சேர்ந்தே எஸ்.எஸ்.எல்.சி. எழுதினோம். பேப்பரில் இருவர் நம்பரும் வரவில்லை. கணக்கு காலை வாரிவிட்டது. நான் மூலையில் சுருண்டேன். நீ தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாய்.

"ஃபெயிலாயிட்டு சோறு கேக்குது பாரு!" என்றாள் அம்மா.

"கணக்குலதாம்மா ஃபெயிலு. வயித்துல இல்லையே!"

அம்மாவே சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையார்பாளையத்தில் என் வயதுப் பெண்களில் என்னைப் போல் பட்டுப் புடவையில் அன்னப் புட்டா போட ஆளில்லை என்பார் அப்பா. அந்த வாரம் தறியில் உட்கார்ந்தால் அதுவும் தப்பிப்போயிற்று. வாசலில் போட்ட கோலம் கோணிற்று. கண்ணாடியில் என் முகமே எனக்குப் பிடிக்கவில்லை. எதற்கும் லாயக்கில்லாதவள் என்று அழுதேன்.

நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். "ஏண்டி, கணக்கு வரல, சரி. அதுக்கு உன் கையும் மூஞ்சியும் என்னா பண்ணுச்சு? என்னைப் பாரு. கணக்கு வராது, சமையல் வராது, நான் பாடுனா தெரு நாயெல்லாம் ஓடிப்பூடும். அதுக்காக? எனக்கு என்னைப் புடிச்சிருக்குதுடி."

எப்படி அக்கா அது? எதிலும் ஜெயிக்காமலே உன்னை உனக்கு எப்படி அவ்வளவு பிடித்தது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

செப்டம்பரில் நான் மட்டும் மறுபடி எழுதினேன். மறுபடியும் கணக்குதான் போயிற்று. முடிவு வந்த அன்று கொஞ்சம் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு தறிக்குப் போனேன். அன்னங்கள் ஒவ்வொன்றும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு புடவையில் விழுந்தன. "யம்மா, வந்து பாரேன்! ஃபெயிலான பொண்ணு நெய்யறத!" என்று கத்தித் தெருவையே கூட்டினாய். வெட்கமாக இருந்தது. ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது.

இன்றைய சேதி இதுதான். பள்ளி ஓட்டப் பந்தயத்தில் உன் மகள் மல்லிகா கடைசி. "சித்தி, நான்தான் லாஸ்ட்டு! எல்லாரும் எனக்குத்தான் ரொம்ப நேரம் கைதட்டுனாங்க!" என்று மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னாள். மாமாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடிக்கும்போது மாமாவின் கண் கலங்கியிருந்தது.

அவள் முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் அவளைப் பார்க்கிற என் முகம் ஒருநாளும் மாறாது. சத்தியம் அக்கா.

உன் கூடப்பிறந்தவள்,
சரசு