அவளுக்குப் பிடித்தது

2025 ஆகஸ்ட் 25, திங்கள்

இன்றைக்கும் பாக்கெட் மாவு இட்லிதான். ஒரே புளிப்பு. மதியத்துக்கு டப்பாவில் பாக்கெட் புளியோதரை. லோடு ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டுச் சாப்பிடும்போது எனக்கே என்மேல் பரிதாபமாக இருந்தது. சாயந்திரம் சங்கீதா ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக, வீட்டிலேயே மாவாட்டினால் என்ன என்று கேட்டுவிட்டேன்.

"மாவாட்டுற நேரத்துலதான் கொஞ்சம் கண்ண மூடுறேன்யா. அதுவும் உனக்குப் பொறுக்கலையா?" என்றாள்.

ராத்திரி மகள் பாரதி நூடுல்ஸ் கேட்டாள். மூன்று பேருக்கும் அதுவே ஆச்சு.

செப்டம்பர் 9

சங்கீதாவுக்குக் காய்ச்சல். லீவு போடு என்றேன். "ஆர்டர் ஜாஸ்தி, விட மாட்டாங்க" என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆம்பூர் பஸ் ஏறிவிட்டாள்.

செப்டம்பர் 12

போய்ட்டா. டெங்குன்னாங்க. எழுத முடியலை.

செப்டம்பர் 20

என் அக்கா மீனாம்பாள் இங்கேயே தங்கி எங்களைப் பார்த்துக்கொள்கிறாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் ஒரே பாட்டு: "பாக்கெட்டா துன்னு துன்னு ஒடம்புல சத்தே இல்ல. அதான் காய்ச்சல் தூக்கிட்டுப் போச்சு."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கொசு கடிச்சதுக்கு மாவு பாக்கெட் என்ன பண்ணும்? "அவளப் பத்தி ஒரு வார்த்தை பேசாதக்கா!" என்று கத்திவிட்டேன். நான் கத்தியது அக்காவைப் பார்த்துத்தானா?

செப்டம்பர் 25

நாளை மறுநாள் காரியம். அக்கா சாமான் வாங்கச் சொல்லிக்கொண்டே வந்தவள், "செத்தவளுக்குப் புடிச்சத வச்சுப் படைக்கணும். அவளுக்கு இன்னாடா புடிக்கும்?" என்றாள்.

பாரதிக்கு நூடுல்ஸ். அக்காவுக்கு மீன் குழம்பு. தெரு நாய்க்கு என்ன பிடிக்கும் என்றுகூடச் சொல்வேன். சங்கீதாவுக்கு?

பாரதியைக் கேட்டோம். "அம்மா நம்ம மிச்சம் வக்கிறதத்தான் சாப்டும்" என்றாள்.

சே, நானெல்லாம் ஒரு புருஷனா?

செப்டம்பர் 26

ஹலீமா பீ வந்தார். கம்பெனியில் சங்கீதாவுக்குப் பக்கத்து மிஷினில் தைப்பவர். வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன். யோசிக்கவே இல்லை அவர்.

"கேவுரு களியும் வேர்க்கடலைத் தொவையலும். சோத்து டப்பாவத் தொறந்தா அதே பேச்சுதாம்பா. பண்ணித் துன்னேன்டின்னா, 'களின்னா ரெண்டு பேரும் மூஞ்சத் திருப்பிக்குவாங்க. எனக்கு ஒருத்திக்குன்னு எதுக்குக்கா அடுப்பு'ன்னுவா."

அவர் போனதும் அழுதேன். அவளைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட இப்படி அழவில்லை.

செப்டம்பர் 27

கேழ்வரகு மாவு வாங்கப் போனால் கடைக்காரர், "களி மிக்ஸே வந்திருக்குண்ணே, வெந்நீர் ஊத்திக் கலக்குனா போதும்" என்றார். வேண்டாம், வெறும் மாவு கொடு என்றேன்.

களி கிண்ட அக்கா துடுப்பைக் கேட்டாள். கொடுக்கவில்லை. நானே கிண்டினேன். கை சுட்டது, களி கட்டி கட்டியாக வந்தது. அதைத்தான் இலைக்கு நடுவில் வைத்தேன். உயிரோடு இருந்தபோது ஒரு நாள், ஒரே ஒரு நாள் கிண்டிக் கொடுத்திருந்தால் என்ன குறைந்து போயிருப்பேன்?

படைத்து முடித்ததும் பாரதி ஒரு உருண்டை களியை எடுத்துத் துவையலில் தொட்டுச் சாப்பிட்டாள். மூஞ்சியைத் திருப்பவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. அக்கா தன் ஊரான கலவைக்குத் திரும்பிவிட்டாள். காலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, பாரதிக்குத் தலை பின்னி, டப்பா கட்டி... நேரமே இல்லை. பாக்கெட் மாவுதான் வாங்கி வந்தேன். இட்லி வேகும் நேரத்தில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன். அவள் சொன்ன தூக்கம் இதுதான்.

எனக்கு மீந்தது ஓரத்தில் பிய்ந்துபோன இட்லிகள். நின்றுகொண்டே தின்றேன்.

பாரதி பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்பா, உனக்கு இன்னா புடிக்கும்?"

"எதுக்கும்மா கேக்குற?"

"தெரிஞ்சு வச்சிக்கணும் இல்ல?"

யோசித்தேன். "நீ சாப்டு. பஸ் வந்துடும்" என்றேன்.