செலின் அண்ணியின் சாங்ரியாவில் என் இரண்டு சிட்டிகை

அன்புள்ள செலின் அண்ணிக்கு,

நீங்கள் இல்லாத முதல் மே மாதம். திருமுல்கேரி வெயில் அப்படியேதான் இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் மொட்டைமாடியில் வழக்கமான கூட்டம் கூடியது. உங்கள் சாங்ரியாவும் வந்தது, உங்கள் மகள் ஷீபா கையால்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உங்கள்மேல் பொறாமை. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகியும் அது போகவில்லை. கல்லறைக்குப் பூ கொண்டுவந்த அன்றுகூட அண்ணன் யாரிடமோ “செலின் கைப்பக்குவம் வராது” என்று சொல்ல, எனக்குச் சுருக்கென்றது.

அந்தச் சாங்ரியாவுக்குப் பழம் நறுக்கியது யார் அண்ணி? கிறிஸ்துமஸுக்குப் போட்ட திராட்சை ஒயினில் இரண்டு பாட்டில் எடுத்துவைப்பீர்கள். அதில் ஊறப்போட ஆரஞ்சு, ஆப்பிள், பங்கனப்பள்ளி எல்லாம் என் கைதான் நறுக்கும். ஜாடியைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவது நீங்கள். பெயரும் உங்களுக்கு.

அந்த எரிச்சலில்தான் ஒரு வருடம் அதைச் செய்தேன். நீங்கள் சோடா எடுக்கப் போன நேரம், ஒரு கைப்பிடி உப்பைக் கொட்டி உங்கள் மானத்தை வாங்க நினைத்தேன். கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டேன். இரண்டு சிட்டிகைதான் விழுந்தது. அன்றைக்குப் பார்த்து எல்லோரும் இரண்டாவது கிளாஸ் கேட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை தெரியும், எனக்குக் குரங்கு பிடிக்கப்போய்ப் பிள்ளையார் ஆனது.

அதற்கப்புறம் ஒவ்வொரு கோடையிலும் நீங்கள் நகரும் நேரம் பார்த்து இரண்டு சிட்டிகை. எதற்கு? ருசிக்காகவா, அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்றா?

இந்த ஞாயிறு நான் போடவில்லை. கீழ்வீட்டு சுஜாதா ஒரு வாய் குடித்துவிட்டு, அவள் தெலுங்கில் “பாகுந்தி. கானீ மீ அம்மா டேஸ்ட் ராலேது” என்றாள். நன்றாக இருக்கிறதாம், அம்மா ருசி வரவில்லையாம். எனக்குள் ஒரு சந்தோஷம் துள்ளியது. ஷீபாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

என்னை அடுப்படிக்கு அழைத்துப்போய் உங்கள் சமையல் நோட்டை நீட்டினாள். “அம்மா எழுதின மாதிரியே சேம் டு சேம் போட்டேன் அத்தை. லாஸ்ட் லைன் மட்டும் தமிழ்ல இருக்கு, எனக்குப் படிக்க வராதே. என்ன எழுதியிருக்காங்க?”

மற்றதெல்லாம் அவளுக்காக இங்கிலீஷில் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரி மட்டும்:

“சோடா எடுக்க வெளியே போகவும். ரெஜினாவுக்கு ஐந்து நிமிடம் கொடுக்கவும்.”

என் பெயரை இரண்டு முறை படித்தேன். இத்தனை வருடமும் தெரிந்தேதான் நகர்ந்தீர்களா? என் திருட்டைக்கூட உங்கள் செய்முறையில் சேர்த்துக்கொண்டீர்களே. அதிலும் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். பொறாமையில் நான் அழுதது அன்றைக்குத்தான்.

“சொல்லுங்க அத்தை.”

“சோடா எடுத்துட்டு வரணுமாம். போய் மெதுவா வா.”

அவள் போனாள். ஃப்ரிட்ஜில் இன்னொரு ஜாடி இருந்தது. கொஞ்ச நேரத்தில் மாடியில் சுஜாதா நாக்கைச் சப்புக்கொட்டி, “ஆ, இதி செலின்தி” என்றாள். இதுதான் செலினுடையதாம். இப்போதும் உங்கள் பெயர்தான்.

அடுத்த கோடையில் ஷீபாவுக்கு உப்பைச் சொல்லிக்கொடுத்துவிடுவேன் அண்ணி, இது சத்தியம். அந்தக் கடைசி வரியை மட்டும் படித்துக்காட்ட மாட்டேன். அது எனக்கு எழுதியது.

பொறாமை இன்னும் தீராத உங்கள் நாத்தனார்,
ரெஜினா