வாசலில் நின்ற கதாநாயகி

ஜொகூர் பாரு
12 மே 2025

அன்புள்ள அண்ணா,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. நல்ல செய்தி அது ஒன்றுதான்.

மலேசியப் படங்களை உலகத்துக்குக் கொண்டுபோகும் சங்கத்தில் என் அண்ணன் செயலாளர் என்று ஊரெல்லாம் பெருமையடித்தவள் நான். சனிக்கிழமை நான் இயக்கிய படத்தைத் திரையிட்டு உங்கள் சங்கம் இங்கே வைத்த விருந்துக்குப் பிறகு அதைச் சொல்ல வாய் கூசுகிறது.

என் படத்தின் கதாநாயகி பேச்சியம்மாள் அக்கா. பெக்கான் நானாஸ் ஊர்த் தொழிற்சாலையில் அன்னாசி சீவுகிறவர். முதல்முறையாகக் கேமரா முன்னால் நின்று, மகனைப் பறிகொடுத்த தாயாக உங்களையே அழவைத்தவர். விருந்துக்கென்று புதுப் பட்டுப்புடவை கட்டி வந்தார். நான் காரை நிறுத்திவிட்டு வருவதற்குள் உங்கள் ஆட்கள் அவரைத் தனியே அழைத்துப்போய்ப் புடவையை மாற்றச் சொல்லி, தலையில் முண்டாசும் காலில் ரப்பர் பூட்ஸும் மாட்டி, மண்டப வாசலில் நிறுத்திவிட்டார்கள். கையில் அன்னாசித் துண்டுகள் அடுக்கிய தட்டு. வெளிநாட்டிலிருந்து படம் வாங்க வந்தவர்கள் குச்சியால் குத்திக் குத்தி எடுத்தார்கள். ஒருவன் எச்சில் குச்சியை அந்தத் தட்டிலேயே போட்டான். யார் இவர் என்று ஒரு பெண் கேட்டதற்கு, "சும்மா, உள்ளூர் வாசனைக்கு, ஒரு லோக்கல் டச்லா" என்று உங்கள் தலைவர் சிரித்தார்.

பக்கத்தில் நின்ற நீங்களும் ஒரு துண்டு எடுத்தீர்கள்.

தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் நடித்த படம் ஓடும்போது அவர் என் காரில் இருந்தார். மேடையில் அவர் பெயரையாவது சொன்னீர்களா?

ரூபினி


கோலாலம்பூர்
18 மே 2025

அன்புத் தங்கை ரூபினிக்கு,

அம்மாவுக்குக் குறைந்திருக்கிறது என்றதும் மனம் நிம்மதியானது. தைலம் அனுப்பியிருக்கிறேன், இளஞ்சூட்டில் தேய்த்துவிடு.

சின்ன விஷயத்தை நீ பெரிதாக்குகிறாய். வாசல் ஏற்பாடெல்லாம் வேறு குழு. அந்த அம்மாவும் மறுக்கவில்லையே! தமிழ்ப் படம் என்றாலே தள்ளிவைக்கிற இடம் இது. உன் படத்தை உள்ளே நுழைக்க நான் யார் யாரிடம் பல்லைக் காட்டினேன் என்பது உனக்குத் தெரியாது.

நல்ல செய்தி சொல்கிறேன். ஆகஸ்டில் ஐரோப்பா போகும் படங்களில் உன் படமும் ஒன்று! பேச்சியம்மாளுக்கும் பயணச் செலவு சங்கத்தினுடையது. தலைவர் ஒன்றுதான் கேட்கிறார். அங்கேயும் நம் அரங்கு வாசலில் அதே உடையில் நிற்கட்டுமாம். வந்தவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். நீ எடுத்துச் சொன்னால் அந்த அம்மா கேட்பார். கோபத்தில் வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ளாதே, கண்ணு.

உன் அண்ணன்
ரூபேந்திரன்


ஜொகூர் பாரு
2 ஜூன் 2025

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

பேச்சியம்மாள் அக்காவிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். முடிவெடுக்க வேண்டியவர் அவர். ஏன்க்கா அன்றைக்கு மறுக்கவில்லை என்றும் கேட்டேன்.

"இன்னொரு சீன் எடுக்கப் போறாங்கன்னு நெனச்சேன் ரூபி. அதான் பூட்ஸ மாட்டிக்கிட்டேன். கேமரா எங்க இருக்குன்னு தேடிக்கிட்டே நின்னேன். உங்க அண்ணன் பழத்த எடுத்துக்கிட்டு, என் மூஞ்சியப் பாக்காம போனாங்க பாரு, அப்பத்தான் படம் எடுக்கலன்னு தெரிஞ்சது."

பிறகு, "ஏரோப்ளேன் ஏற ஆசைதான். ஆனா அப்படி வேணாம்லா" என்றார்.

என் படத்தை உங்கள் சங்கத்திலிருந்து திரும்பப் பெறுகிறேன். ஐரோப்பா போகாவிட்டால் என் படம் செத்துவிடாது. போன சனிக்கிழமை பெக்கான் நானாஸ் பொதுமண்டபத்தில் திரையிட்டோம். விசிறிச் சத்தத்தில் பாதி வசனம் கேட்கவில்லை. அக்கா பட்டுப்புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெயர் திரையில் வந்ததும் கூட வேலை செய்கிற பெண்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள்.

செயலாளருக்கு எழுத வேண்டியது முடிந்தது.

அண்ணனுக்கு ஒன்று. இருபத்திரண்டாம் தேதி அம்மாவின் பிறந்தநாள். நீங்கள் வருவீர்கள் என்று இப்போதே மீனுக்குச் சொல்லிவைத்திருக்கிறார். கட்டாயம் வாருங்கள், வராமல் இருந்து அவரை வருத்தப்படுத்தாதீர்கள். வீட்டுச் சாவி அம்மாவிடம் இருக்கிறது. அன்றைக்கு என்னைப் பேச்சியம்மாள் அக்கா சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். நீங்கள் கிளம்பிய பிறகுதான் வீட்டுக்கு வருவேன்.

ரூபினி