சொல்லுக்குச் சொல்

பிப்ரவரி 25, செவ்வாய்

சந்திப்பு முடிந்ததும் நூலகத்தில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். இந்த உளவியல் ஆலோசனை முதுகலைப் படிப்பில் எனக்குப் பிடிக்காத வேலை இதுதான். மீட்பு மையத்தில் ஒருவரோடு நாற்பத்தைந்து நிமிடம் பேச வேண்டும். பதிவு செய்யக்கூடாது, குறிப்பெடுக்கக்கூடாது. வெளியே வந்ததும், அவர் சொன்னதையும் நான் சொன்னதையும் நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதி, பயிற்சியை மேற்பார்க்கும் மேடத்திடம் கொடுக்க வேண்டும். இடது பத்தியில் அவர், வலது பத்தியில் நான். தொழிற்சாலையில் நான்கு வருடம் அழுத்தமானிகளைச் சரிபார்த்தவன் நான். அங்கே முள் எதைக் காட்டுகிறதோ அதை எழுதினால் போதும். இங்கே முள்ளும் நானே, எழுதுகிறவனும் நானே. என்ன கணக்கு இது?

எனக்குக் கொடுத்திருப்பவர் லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தாறு வயது. குடியை விட்டு இன்றோடு முப்பத்து நான்கு நாள். கேள்விமேல் கேள்வியாகப் போட்டேன். "சார், கெட்டுப்போன லிஃப்டைக்கூட நான் இவ்ளோ குடைய மாட்டேன்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பது எழுதும்போதுதான் உறைக்கிறது.

பிப்ரவரி 27, வியாழன்

அறிக்கை திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் மேடம்: "உன் கேள்வி பத்தொன்பது. அவர் பேசியது ஏழு வரி. நீ யார், போலீஸா?"

மார்ச் 4, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

"நாற்பத்தொண்ணு ஆச்சு, இல்லையா?" என்று ஆரம்பித்தேன். அவர் தலையாட்டவில்லை. "இல்ல சார். முப்பத்தெட்டோட நின்னுபோச்சு."

ஞாயிற்றுக்கிழமை. கூட வேலை பார்த்தவர் ஓய்வு பெறுகிறார், எல்லோரும் கூடியிருக்கிறார்கள், யாரோ கையில் திணித்திருக்கிறார்கள். பாதி கிளாஸ். மீதியைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வெளியே வந்துவிட்டார். திங்கட்கிழமை வேலைக்குப் போக மனம் வராமல் லீவு. "வீட்ல இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். சறுக்கல் வேறு, விழுந்துவிடுவது வேறு. சறுக்கியவர் தானாக வந்து சொன்னால் அதுவே பாதி சிகிச்சை. போன பருவத் தேர்வில் இதற்குத்தான் பத்துக்கு ஒன்பது வாங்கினேன்.

நான் சொன்னது இது: "அப்போ முப்பத்தெட்டு நாளும் வீணாப்போச்சு. நீங்க பிரேக்கைத் தொடுற ஆளு. உங்க பொண்ணு ஏறுற லிஃப்டா இருந்தா இப்படித்தான் இருப்பீங்களா?"

எங்கிருந்து வந்தது அந்தக் கோபம்? என் முப்பத்தெட்டு நாளா அது? என் வரைபடத்தில் வாராவாரம் ஏறிக்கொண்டிருந்த ஒரு கோடு சரிந்துவிட்டது, அவ்வளவுதான். கோட்டுக்காக மனுஷனைக் கடித்திருக்கிறேன்.

"சரிங்க சார்" என்றார். எழுந்து போய்விட்டார். இன்னும் அரை மணி நேரம் மீதி இருந்தது.

நூலகத்தில் அறிக்கையை எடுத்தேன். வலது பத்தியில் பேனா நின்றது. பிறகு எழுதினேன் — "இதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு தயக்கமா இருந்திருக்கும். சொன்னதுக்கு நன்றி." அதற்கு ஒரு பதில் வேண்டுமே. இடது பத்தியில், "சொன்னதும் மனசு லேசாயிடுச்சு சார்." கடைசியில், 'வேலை இருப்பதாகச் சொல்லிப் பாதியிலேயே கிளம்பினார்.'

கொடுத்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

மேடம் வகுப்பில் அதை வாசித்தார். சத்தமாக. பதினான்கு பேர் முன்னால். "இந்த இடத்துல பாருங்க. அவசரப்படல, புத்தி சொல்லல. நன்றின்னு ஒரு வார்த்தை. அவ்ளோதான்." என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றரை வருடத்தில் முதல் தடவை.

பக்கத்தில் வக்கீல். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவளுக்கு அந்தப் பெயர். காதோரம் சாய்ந்து, "என்னடா, உன் வாய்தானா இது? வாடகைக்கு எடுத்தியா?" என்றாள்.

"போடி" என்றேன். காது சுட்டது.

மார்ச் 11, செவ்வாய்

வரவில்லை. நாற்பத்தைந்து நிமிடமும் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் செய்யலாம் என்று எண்ணைத் தேடினேன். செய்யவில்லை.

மார்ச் 15, சனி

அக்காவிடம் போனில் ஏதோ பேச்சு வாக்கில் வகுப்பில் பாராட்டினார்கள் என்று உளறிவிட்டேன். ஏன் சொன்னேன்? "எங்க வீட்டு வெட்டுக்கத்திக்கு இவ்ளோ பக்குவமா? இரு, மாமாகிட்ட சொல்றேன்" என்று அப்போதே அவரைக் கூப்பிட்டாள். இருவரும் சந்தோஷப்படுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். கடையில் திருடிய பொருளை வீட்டில் எல்லோருக்கும் பங்கு வைத்த மாதிரி இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

இன்றும் அவர் வரவில்லை. அவர் மனைவி வந்தார்.

துணிக்கடையில் வேலை. சீருடையோடு வந்திருந்தார், கழுத்தில் அளவு நாடா தொங்கியபடி. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார், அன்னிக்கு அவர்கிட்ட என்ன பேசினீங்க?"

"ஏங்க?"

"வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசல. மறுநாள் பாட்டிலோட வந்தாரு. ஏங்க இப்படின்னு கேட்டா, முப்பத்தெட்டு நாளும் வீணாப்போச்சு, இனிமே எதுக்குங்கிறாரு. தினமும் அதையேதான் சொல்றாரு. அவரா இப்படிப் பேசமாட்டாரு சார். யாரோ சொல்லிக் குடுத்த மாதிரி இருக்கு."

என் வாக்கியம். ஓர் எழுத்து மாறவில்லை. நான் மாற்றி எழுதினேன், அந்த மனிதர் சொல்லுக்குச் சொல் வைத்திருக்கிறார்.

"நான் அப்படி எதுவும் சொல்லலீங்க" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். நம்பவில்லை, நம்பாமலிருக்க வழியும் இல்லை. "வேலைக்கும் போகல சார். பொண்ணு அவர்கிட்ட பேசுறதில்ல. நீங்க ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுனா வருவாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சீ.

மார்ச் 20, வியாழன்

தொடர்ந்து இரண்டு முறை வராதவரின் கோப்பு மறுபரிசீலனைக்குப் போகும். திங்கட்கிழமை கூட்டம். அவர் இடத்துக்கு இருபத்திரண்டு பேர் காத்திருக்கிறார்கள். இடம் போனால், திரும்ப வரிசையில் நின்று கிடைக்க ஏழெட்டு மாதம் ஆகும். அவர் இப்போதிருக்கும் நிலையில் ஏழு மாதமா?

கோப்பில் மேடத்தின் குறிப்பைப் பார்த்தேன். 'ஆலோசகர் தரப்பில் குறை இல்லை. இவ்வளவு கனிவாக அணுகியும் விலகியிருக்கிறார். மாறும் எண்ணம் இல்லை எனத் தெரிகிறது. இடத்தை விடுவிக்கலாம்.'

நான் எழுதிய கனிவுதான் அவரை வெளியே தள்ளுகிறது.

சொன்னால் என்ன ஆகும்? பயிற்சி நேரம் ரத்து. பட்டம் தள்ளிப்போகும். ஒருவேளை அனுப்பியே விடுவார்கள். சொல்லாவிட்டால் எதுவும் ஆகாது. அதுதான் பயமாக இருக்கிறது — எனக்கு எதுவுமே ஆகாது.

மார்ச் 23, ஞாயிறு

புதுத் தாள் எடுத்து மார்ச் 4 அறிக்கையை மறுபடி எழுதினேன். இடது பத்தியில் அவர் சொன்னது. வலது பத்தியில் நான் சொன்னது. அடியில், அவர் மனைவி வந்து போனதையும் ஒரு வரி. ஒரு பக்கம்கூட வரவில்லை.

மார்ச் 24, திங்கள்

கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் மேடத்தின் மேசையில் வைத்தேன். நின்றுகொண்டே படித்தார். பழையதை எடுத்துப் பக்கத்தில் வைத்து மறுபடி படித்தார்.

எப்போதும் என்னை 'நீ' என்பவர். இன்று 'நீங்க'.

"இதை நான் வகுப்புல வாசிச்சேன். நீங்க உட்கார்ந்து கேட்டுட்டு இருந்தீங்க."

"ஆமா மேடம்."

"அந்தம்மா வந்தப்போ?"

"சொல்லலன்னு சொன்னேன்."

"கோபப்பட்டுப் பேசாத ஆள் இந்தக் கட்டடத்துலயே இல்ல, என்னையும் சேர்த்து. அது பழகப் பழகக் குறையும். ஆனா அந்த மனுஷன் சொல்லாததைச் சொன்னதா எழுதியிருக்கீங்களே. அதை வெச்சு நான் அவரைத் தள்ளிவிடப் பார்த்தேன்." பேனாவை எடுத்துத் தன் குறிப்பை இரண்டு கோடு போட்டு அடித்தார். கை வேகமாகப் போய்த் தாள் கிழிந்தது.

நானே அவருக்குப் போன் செய்யட்டுமா என்று கேட்டேன். "உங்க மனசு லேசாகறதுக்கா?" என்றார். கதவைக் காட்டினார்.

மார்ச் 26, புதன்

அவர் இடம் அப்படியே இருக்கும். ஆலோசகர் மாறுகிறார், வக்கீலிடம் கொடுத்திருக்கிறார்கள். என் பயிற்சி நேரம் நூற்றிருபது மணியும் ரத்து. அடுத்த பருவத்தில் முதலிலிருந்து. அதுவரை மையத்தின் வரவேற்பு மேசை.

அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "மாமாகிட்ட நீயே சொல்லிடு" என்றாள்.

ஏப்ரல் 3, வியாழன்

வக்கீல் அவருக்கு நான்கு தடவை கூப்பிட்டிருக்கிறாள். எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை மனைவி எடுத்தாராம். "என்ன சொன்னே?" என்றேன்.

"நடந்ததைச் சொன்னேன். தப்பு எங்க மேலன்னு சொன்னேன்."

"எங்க மேலயா?"

"பின்னே, உன் பேரை ஒலிபெருக்கி வெச்சுச் சொல்லணுமாடா? தள்ளு, வேலை இருக்கு."

ஏப்ரல் 8, செவ்வாய்

வரவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

பத்து மணிக்கு வாசலில் நிழலாடியது. அவர்தான். இளைத்திருந்தார், சட்டை தோளில் தொங்கியது. பின்னால் மனைவி. படிவத்தை நீட்டினேன். நிரப்பிக் கொடுத்தார்.

ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "அன்னிக்கு நான் பேசினது தப்புங்க. அதை மாத்தி எழுதினதும் தப்பு" என்றேன்.

"தெரியும். அந்தப் பொண்ணு சொல்லுச்சு." படிவத்தை என் பக்கம் தள்ளினார். "அதான் வேற ஆள்கிட்ட வந்திருக்கேன். எந்த ரூம்?"

"இடது பக்கம், ரெண்டாவது."

போனார். மனைவி பெஞ்சில் உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவில்லை. நானும் பதிவேட்டில் கோடு போடுவதுபோல் குனிந்துகொண்டேன். பத்து பத்து. பத்து இருபது. ஒவ்வொரு தடவை நடையில் காலடி கேட்கும்போதும் அவர்தான் திரும்பி வருகிறார் என்று நினைத்தேன். அவர் இல்லை.

பத்து நாற்பதுக்கு அந்த அம்மாள் எழுந்து மேசைக்கு வந்தார்.

"இன்னும் முடியலையா?"

"இல்லீங்க" என்றேன். "பேசிட்டிருக்காரு."

அவர் திரும்பிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.