நேர்ந்துகொள்ளாத மொட்டை

அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் நலமா என்று கேட்க வேண்டுமே, கேட்டுவிட்டேன்.

இங்கே பெங்களூரில், பங்க் என்கிற முரட்டு ராக் பாட்டுக் கும்பலோடு ஊர்சுற்றும் பெண்ணாக ஒரு சின்னப் படத்தில் நடிக்கிறேன். அதற்காகத் தலையின் இரு பக்கமும் சிரைத்து, நடுமுடிக்குப் பச்சைச் சாயம் அடித்தார்கள். சேவல் மாதிரி இருக்கிறேன், அவ்வளவுதான்.

நீயோ நம் ஊர் ஏம்பலம் முழுக்க, "எம்பொண்ணு மயிலம் முருகனுக்கு மொட்ட போட்டுக்கிச்சி" என்று சொல்லிவிட்டு, "மிச்சத்தையும் எடுத்துட்டு வூட்டுக்கு வாடி" என்று போனில் கத்துகிறாய். எடுக்கமாட்டேன். உன் பொய்க்கு நான் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும்?

சாயம் பட்ட இடம் எரிகிறது. நீ காய்ச்சும் எண்ணெய் ஒரு பாட்டில் அனுப்பு. முருகன் படத்துக்கு முன்னால் வைக்காமல் அனுப்பு.

ஷாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். கதையில் நான் நடிக்கும் பெண்ணுக்குத் திரும்பிப் போக வீடு கிடையாது. அந்தக் காட்சிகள் மட்டும் எனக்கு ஒரே டேக்கில் ஓகே ஆகிவிடுகின்றன.

கல்பனா