மிங்ஷியா திட்டுவதை நிறுத்திவிட்டாள்

வூவெய்
6 செப்டம்பர் 1996

என் யூலிங்குக்கு,

அம்மா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு இவ்வளவுதான் வரும். எப்போதும் எழுதுகிற அப்பாவுக்கு வலது மணிக்கட்டில் சுளுக்கு. அதனால் பேனா என்னிடம் வந்திருக்கிறது.

இங்கே சுகம்தான். உன் பயிற்சியாளர் காவ் மளிகைக்கடைக்குப் போன் செய்தார். "அக்கா, ஷாங்காய் போட்டி முடியறவரைக்கும் பொண்ணு மனசு கலங்கக் கூடாது. நல்ல சேதியா எழுதுங்க" என்றார். எழுதுகிறேன். மழை விட்டுவிட்டது. முட்டைக்கோசு ஊறுகாய் போட்டாயிற்று. வாத்துகளை விற்றுவிட்டோம். அத்தனையையும் நான் ஒருத்தியாக மேய்க்க முடியாது.

இறகு பிரிக்கிற வேலை இருக்கிறது. இடச்சிறகு ஒரு கூடை, வலச்சிறகு ஒரு கூடை. கலந்து வைத்தால் இறகுப்பந்து நேராகப் பறக்காது என்று மேஸ்திரி கத்துவார். நேற்று இரண்டு கூடையையும் கலந்துவிட்டேன். மேஸ்திரி கத்தவில்லை. அவரே உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தார்.

உன் ஆட்டஜோடி மிங்ஷியாவோடு சண்டை போடாதே. நன்றாகச் சாப்பிடு.

அம்மா


ஹெஃபெய்
15 செப்டம்பர்

அன்புள்ள அம்மா,

உன் எழுத்து, சேற்றில் வாத்துக் கூட்டம் நடந்த மாதிரி இருக்கிறது. அறையில் எல்லோருக்கும் காட்டிச் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதே, இப்போது தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது.

அப்பாவுக்குக் கையில்தானே சுளுக்கு, காலில் இல்லையே? பிறகு ஏன் நீ ஒருத்தியாக வாத்து மேய்க்க வேண்டும்? அவரை இடது கையால் ஒரு வரி எழுதச் சொல். பள்ளிக்கூடத்தில் அடித்து வலது கைக்கு மாற்றினார்களே தவிர, அவரும் இடது கைக்காரர்தானே. என் கையை மட்டும் யாரையும் மாற்ற விடவில்லை. இரண்டு மரத்துக்கு நடுவே மீன்வலையைக் கட்டி, "இந்தக் கையாலயே அடி, எதிராளி முழிக்கட்டும்" என்று சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு வரி போதும்.

இங்கே ஒரு விசித்திரம். மிங்ஷியா என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். ஒரு பந்தை விட்டால், "கண்ண எங்கடி அடகு வெச்ச, வாத்து மேய்க்கிறவளே!" என்று ஆட்டத்துக்கு நடுவிலேயே கத்துவாளே, இப்போது "பரவால்ல" என்கிறாள். காலையில் தன் முட்டையை என் கிண்ணத்தில் போடுகிறாள். காவ் கூட அதட்டுவதில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் நல்லவர்களாகிவிட்டார்கள். பயமாக இருக்கிறது அம்மா.

யூலிங்


வூவெய்
24 செப்டம்பர்

யூலிங்குக்கு,

உன் கடிதம் வந்தது. அப்பாவின் படுக்கை அருகில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அவர் எழுத மாட்டார், அசதி. நீ நன்றாக ஆடினால் அவருக்கு அதுவே போதும்.

நல்லவர்களைக் கண்டு பயப்படாதே. ஆட்டத்தில் கவனம் வை. போட்டி முடிந்ததும் எல்லாம் பேசலாம்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்து எழுதினேன். எழுதிப் பழக்கமில்லை, அதனால்தான்.

அம்மா


ஷாங்காய்
13 அக்டோபர்

அம்மா,

வெள்ளி கிடைத்தது.

அரையிறுதியில் என் தலைக்கு மேல் வந்த சுலபமான பந்தை வேண்டுமென்றே விட்டேன். மிங்ஷியா "பரவால்ல" என்றாள். அடுத்ததையும் விட்டேன். "பரவால்ல, யூலிங்." அரையிறுதியில், அம்மா! பழைய மிங்ஷியாவாக இருந்தால் மட்டையாலேயே அடித்திருப்பாள். இடைவேளையில் தண்ணீர் குடிக்கும்போது கேட்டேன்: "எங்க வீட்ல யாருடி செத்தது?"

அவள் குனிந்து, கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"அப்பாவா?"

"மொதல்ல ஆடு. உன் கால்ல விழறேன், ஆடு."

ஆடினேன். ஜெயித்தோம். தெரிந்த பிறகும் ஆடி ஜெயித்தேனே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. மறுநாள் இறுதி ஆட்டத்தில் கை தூக்க வரவில்லை. பதக்கம் வாங்கியதும் காவ் ஓர் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு, அப்பா போனதைச் சொன்னார். "உங்கம்மா பெரிய மனசுக்காரி" என்றும் சொன்னார். மிங்ஷியா வெளியே நின்று அழுதாள். அவளோடு நான் பேசவில்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கும்போது, அவருக்காகக் காகிதப் பணம் எரித்த மண்சட்டியைப் போட்டு உடைத்தது யார்? பெரியப்பா மகன் தாஹாயா? ஒரே பிள்ளை நான் உயிரோடு இருக்க, அதை அவன் உடைத்திருந்தால் அந்த வீட்டுப் பிள்ளை அவன்தான். நான் வரமாட்டேன். புத்தாண்டுக்கும் வரமாட்டேன்.

யூலிங்


வூவெய்
21 அக்டோபர்

என் யூலிங்குக்கு,

யாரும் உடைக்கவில்லை.

பெட்டியைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள். பெரியப்பா, "தாஹாய், சட்டிய எடுடா" என்றார். நான் முந்திக்கொண்டு எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். கொதிக்கிற சூடு.

"பைத்தியமா உனக்கு? சட்டி உடையாம பெட்டி எழுந்தா என் தம்பிக்கு மேலுலகத்துக்கு எப்படி வழி திறக்கும்?"

"திறக்கலைன்னா காத்திருக்கட்டும். உடைக்க வேண்டியவ இன்னும் வரல."

"அப்ப அவள வரச்சொல்ல வேண்டியதுதானே?"

சட்டியை நான் விடவில்லை. சட்டி உடையாமலே பெட்டி போயிற்று. அன்றிலிருந்து பெரியப்பா வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை.

காவ் கேட்டதால்தான் மறைத்தேன் என்று சொல்ல மாட்டேன். அவர் கேட்டார், சரியென்று சொன்ன வாய் என்னுடையது. பதினோரு வயதில் உன்னை அணிக்கு அனுப்பிவிட்டு இரண்டு பேரும் வெறும் வீட்டில் உட்கார்ந்திருந்தோமே, அதெல்லாம் வீணாகிவிடக் கூடாது என்று நினைத்தேன். கடைசி நாள் அப்பா, "புள்ள எப்ப வரா?" என்று கேட்டார். "வந்துட்டே இருக்கா" என்றேன். அதுதான் முதல் பொய். உனக்கு எழுதியதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மிங்ஷியாவோடு பேசு. அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வரவில்லை, பாவம், முட்டைதான் கொடுக்க முடிந்தது.

சட்டி இறகுக் கூடைகளுக்கு நடுவே இருக்கிறது. சாம்பலைக் கொட்டவில்லை. காற்றடித்தால் இறகு பறந்து அதில் விழும், எடுத்துவிடுவேன். நீ என்னோடு பேச வேண்டாம், நான் சமைத்ததைச் சாப்பிடவும் வேண்டாம். வந்து, உன் இடது கையால் அதை உடைத்துவிட்டுப் போ. வழி திறக்காமல் அவர் இங்கேயேதான் நிற்கிறார். நானும்தான்.

அம்மா